ஐப்பசி, கார்த்திகையில் குரங்கணி ட்ரிப்: அனுமதி, சாப்பாடு, ஏலக்காய் சீசன்... போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியவை!

அக்டோபர் பிறந்ததுமே வெளிநாட்டு தீம் பார்க்குகளின் இலையுதிர்கால வீடியோக்கள் செல்போனை நிறைக்கின்றன. பூசணி அலங்காரம், சூடான சாப்பாட்டுக் கடைகள், அலங்கார விளக்குகள் என்று அது ஒரு தனி உலகம். "நம்ம ஊர்ல இந்த சீசனுக்கு எங்க போறது?" என்று தேடுபவர்களின் பட்டியலில் தேனி மாவட்டம் குரங்கணிக்கு எப்போதும் இடம் உண்டு. மலை, ஆறு, பனி, ஏலக்காய் வாசனை எல்லாமே அங்கே இருக்கு. ஆனா ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. தீம் பார்க்கில் டிக்கெட் வாங்கிவிட்டால் மற்றதை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். குரங்கணி ஒரு காடு. எந்த மாதம் போறோம், எந்த வழியில் போறோம், யார் அனுமதியோடு போறோம் என்பதெல்லாம் இங்கே உயிர் சம்பந்தப்பட்ட கேள்விகள்.

நம்ம ஊரில் இலையுதிர்காலம் எப்போ?

தமிழ் மரபு ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கிறது. அதில் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் கூதிர் காலம். மேல்நாட்டு இலையுதிர்காலத்தை ஒட்டி வரும் பருவம் இதுதான். ஆனால் அங்கே இலை பழுத்து உதிரும் நேரத்தில், இங்கே வடகிழக்குப் பருவமழை பெய்து மலை பச்சை பிடிக்கும். 'ஐப்பசி அடைமழை' என்று சும்மா சொல்லவில்லை. கோடையில் காய்ந்து கிடந்த புல்வெளிகள் துளிர்க்கும், ஓடைகளில் தண்ணீர் வரும், காலையில் மூடுபனி இறங்கும். குரங்கணியின் அழகான முகம் இதுதான். ஆற்று வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் வாய்ப்புள்ள மாதங்களும் இவைதான்.

குரங்கணி எங்கே இருக்கு? எப்படிப் போறது?

போடிநாயக்கனூரிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில், கொட்டகுடி ஆற்றின் கரையில் மலையடிவாரக் கிராமமாக இருக்கிறது குரங்கணி. போடியிலிருந்து மூணாறு போகும் சாலையில் முந்தல் வரை வந்து, அங்கிருந்து பிரியும் மலைச்சாலையில் போக வேண்டும். அரசு பஸ் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. அதனால் திரும்பி வரும் பஸ் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வெச்சுக்கிறது நல்லது.

ரயிலில் வருபவர்களுக்கும் இப்போது வழி இருக்கிறது. அகலப்பாதைப் பணிக்காக 2010 கடைசியில் நிறுத்தப்பட்ட மதுரை - போடி ரயில் சேவை, 2022-ல் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் மீண்டும் வந்தது. சென்னையிலிருந்து போடிக்கு நேரடி ரயிலும் அப்போதே தொடங்கியது.

மலை உச்சிக்கு ஏன் 'டாப் ஸ்டேஷன்' என்று பெயர்?

மூணாறு தோட்டங்களில் விளைந்த தேயிலையை வெளியே கொண்டுவர, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாகத் தண்டவாளம் போடப்பட்டது. முதலில் 1902-ல் மோனோ ரயில், பிறகு 1908-ல் குறுகிய ரயில் பாதை. அது வந்து முடியும் மேல் நிலையம்தான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து ரோப்வே மூலம் சுமார் 5 கி.மீ. கீழே கொட்டகுடிப் பகுதிக்குத் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. பிறகு மாட்டு வண்டியில் போடிக்குப் போயின.

1924-ல் வந்த பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துச் சென்றது. அதன் பிறகு அது திரும்பப் போடப்படவே இல்லை. இந்த மலையில் மழை என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

2018-ல் என்ன நடந்தது?

2018 மார்ச் 11. மலையேற்றம் வந்த இரண்டு குழுவினர் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கினார்கள். காய்ந்த புல்வெளியில் காற்றோடு சேர்ந்து தீ வேகமாகப் பரவியது. சம்பவ இடத்திலும், பின்னர் மருத்துவமனைகளிலுமாக மொத்தம் 23 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் சென்ற கொழுக்குமலை வழிக்கு அனுமதி இல்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. விசாரணைக்காக ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா நியமிக்கப்பட்டார்.

அதற்குப் பிறகு அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையின் 'டிரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. 14 மாவட்டங்களில் 40 மலையேற்ற வழிகள் இதில் அறிவிக்கப்பட்டன. குரங்கணி - சாம்பலாறு வழியும் அந்தப் பட்டியலில் ஒன்று.

அனுமதி எப்படி வாங்குறது?

டிரெக் தமிழ்நாடு இணையதளத்தில் பெயர், வயது, அடையாள அட்டை விவரங்களோடு முன்பதிவு செய்ய வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் தேவை. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே வருவார்கள்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீ அபாயக் காலம் என்பதால் மலையேற்றம் நிறுத்தப்படும். மழைக்காலத்திலும் கனமழை எச்சரிக்கை வந்தால் பாதை மூடப்படலாம். அதனால் கிளம்பும் முன் வானிலை அறிவிப்பு, பதிவு நிலவரம் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

"லோக்கல்ல ஒருத்தரைத் தெரியும், குறுக்கு வழியில கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரு" என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும், தீ மூட்டுவதும் 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமான காரணம் வேறு. பதிவு இல்லாமல் போனவரைத் தேட வேண்டிய நிலை வந்தால், எங்கே தேடுவது என்றே யாருக்கும் தெரியாது.

மலையேறாமல் என்ன பார்க்கலாம்?

- முந்தல் - குரங்கணி சாலை: சின்னப் பிள்ளைகள், வயதானவர்களோடு வருபவர்களுக்கு இந்தப் பயணமே போதும். வழியெங்கும் மலையும் தோப்பும்தான்.
- கொட்டகுடி ஆறு: கரையில் நின்று ரசிக்கலாம். ஆற்றில் இறங்குவதை மழை நாளில் தவிர்த்துவிடுங்கள். கீழே வெயில் அடித்தாலும், மேலே பெய்த மழை திடீர் வெள்ளமாக வரும்.
- போடிமெட்டு: 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பனியும் குளிரும் வரவேற்கும். மழைக்காலத்தில் பாறை சரிந்து போக்குவரத்து நிறுத்தப்படுவதும் உண்டு.
- கொழுக்குமலை: 7,000 அடிக்கு மேல் இருக்கும் தேயிலைத் தோட்டம். தேனி மாவட்டத்தில் இருந்தாலும், வண்டிப் பாதை கேரளாவின் சூரியநெல்லி வழியாகத்தான். அங்கிருந்து ஜீப்பில் போகலாம்.

நீலக்குறிஞ்சி பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு தகவல். மூணாறு மலைகளில் 2006-லும் 2018-லும் பூத்த அது, 12 ஆண்டு கணக்கில் அடுத்து பூக்க வேண்டியது 2030-ல்தான். 'இப்போ பூத்திருக்கு' என்று சுற்றும் பழைய வீடியோக்களை நம்பி வண்டி ஏறாதீங்க.

சாப்பாடு எப்படி?

குரங்கணியில் பெரிய ஓட்டல்களை எதிர்பார்க்க வேண்டாம். டீக்கடை, சின்ன சாப்பாட்டுக் கடைதான். மழை நாளில் அங்கே கிடைக்கும் சூடான டீக்கும் வடைக்கும் ஈடே இல்லை. ஆனால் பத்து, பதினைந்து பேராகத் திடீரென்று போய் நின்றால் சாப்பாடு இருக்காது. காலையில் மேலே போகும்போதே "மதியம் இத்தனை பேர் வருவோம்ணே" என்று சொல்லிவிட்டுப் போனால், அளவு பார்த்து உலை வைப்பார்கள். உங்களுக்கும் சூடாகக் கிடைக்கும், அவர்களுக்கும் வீணாகாது. குடும்பத்தோடு வருபவர்கள் காலை டிபனைப் போடியிலேயே முடித்துவிடுவது நல்லது.

மலையேறுபவர்களுக்குப் புளிசாதம், எலுமிச்சை சாதம், சப்பாத்தி போன்ற கெடாத சாப்பாடும் கடலை மிட்டாயும் போதும். எவர்சில்வர் டப்பாவிலோ வாழை இலையிலோ கட்டிக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கிற்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. மீந்த சாப்பாட்டைக் காட்டில் கொட்டினால் குரங்கும் காட்டுப்பன்றியும் மனிதர்களைத் தேடி வரப் பழகிவிடும். அடுப்பு மூட்டிச் சமைப்பது எந்த மாதத்திலும் கூடாது.

ஏலக்காய் சீசன் ஏன் முக்கியம்?

சுற்றுலாப் பயணிக்கு இது விடுமுறைக் காலம். இந்த மலைக்கு இது அறுவடைக் காலம். ஏலக்காய் ஒரே தடவையில் முற்றாது. ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி, பல சுற்றுகளாகப் பறிப்பார்கள். அக்டோபர், நவம்பர்தான் உச்சம். போடி, தேனி, கம்பம் பகுதிகளிலிருந்து விடியற்காலையிலேயே ஜீப்புகளில் தொழிலாளர்கள் மலையேறுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மலைச்சாலையில் அந்த ஜீப்புகளுக்கு வழி விடுங்கள். ரீல்ஸ் எடுக்க வளைவில் வண்டியை நிறுத்தினால், பாதிக்கப்படுவது அவர்களின் ஒருநாள் கூலி.

பறித்த பச்சைக் காயை ஸ்டோரில் மிதமான சூட்டில் ஏறத்தாழ ஒரு நாள் உலர்த்துவார்கள். சுமார் 5 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். பிறகு ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலத்துக்குப் போகும். புத்தடி, போடி இரண்டும்தான் அதற்கான மையங்கள்.

வாங்கும்போது காய் உருண்டு திரண்டு, வாய் பிளக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை உரித்தால் உள்ளே விதை கருப்பாக, லேசான பிசுபிசுப்போடு இருக்க வேண்டும். அளவுக்கு மீறிப் பளிச்சென்ற பச்சை என்றால் ஈரத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வாங்காதீர்கள்.

கடைசியா ஒரு செக்லிஸ்ட்

- மழைக்கோட்டு, பிடிமானமுள்ள ஷூ, டார்ச், மாற்றுத் துணி.
- அட்டைப்பூச்சிக்கு உப்பு அல்லது மூக்குப்பொடி, நீளமான சாக்ஸ்.
- மேலே செல்லச் செல்ல செல்போன் சிக்னலை நம்ப முடியாது. எங்கே போறோம், எப்போ திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.
- யானை, காட்டுமாடு நடமாடும் பகுதி. இருட்டுவதற்குள் கீழே இறங்கிவிடுங்கள்.
- வழிகாட்டி "போதும், திரும்பலாம்" என்று சொன்னால் வாதம் வேண்டாம். அவருக்கு அந்த மேகமும் அந்த ஓடையும் தெரியும்.
- அவசரத்துக்கு 108.