கரையிலே கடல் கற்பிப்போர்

நீந்தக் கற்பவன் நீரில் இறங்கியே கற்றல் வேண்டும் என்பர். கப்பற்றொழிலும் நெடுங்காலம் அவ்வாறே கற்கப்பட்டது. வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்களில் இளைஞர் தண்டையலின் பக்கத்தே நின்று, காற்றையும் நீரோட்டத்தையும் விண்மீனையும் கண்டு கண்டு தொழில் பழகினர். அவ்வூர் மாலுமிகள் செலுத்திச் சென்ற அன்னபூரணி என்னும் கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறையை அடைந்தமை அப்பயிற்சியின் திறத்துக்குச் சான்றாகும். அவர்க்குக் கடலே பள்ளி, தண்டையலே ஆசான்.

ஆயின், இன்றைய பெருங்கப்பலிற் பிழைசெய்து பாடம் பெறுதல் இயலாது. 1956 ஜூலை 25 இரவு, நன்ரக்கெற் தீவுக்கு அப்பாலுள்ள கடலில், இத்தாலியக் கப்பலாகிய அந்திரியா டோறியாவும் சுவீடன் நாட்டு ஸ்ரொக்ஹோமும் மோதின. 51 பேர் மாண்டனர். இரண்டிலும் றேடார்க் கருவி இருந்தது. ஒன்றையொன்று முன்னரே அக்கருவியிற் கண்டும் இருந்தன. கண்டதன் பொருளை உணர்வதிலேயே பிழை நேர்ந்தது. கருவி உண்மையைக் காட்டும். அதனைப் படிக்கக் கற்பித்தல் ஆசிரியன் கடன்.

இக்குறையைத் தீர்க்க எழுந்ததே சிமுலேட்டர் எனப்படும் ஒப்புமைப் பொறி. கப்பலைச் செலுத்தும் கூடம் போலவே ஓர் அறை. சுக்கானும் றேடாரும் மெய்க்கப்பலில் உள்ளவை போன்றவை. சாளரங்களுக்கு அப்பால் திரையிலே கடல் விரியும். அடுத்த அறையில் இருக்கும் போதனாசிரியர் மூடுபனியை எழுப்புவார், எதிரே கப்பல்களை விடுவார், இயந்திரத்தைப் பழுதாக்குவார். மாணவன் மோதினாலும் உயிர் போகாது. அறிவு மாத்திரம் வரும்.

மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ், காவற்பணி ஆகியவற்றைப் பற்றிய சர்வதேச உடன்படிக்கை 1978 இல் உருவாயிற்று. 1995 இல் அது திருத்தப்பட்டபோது, றேடார்ப் பயிற்சிக்கு இத்தகைய பொறி கட்டாயமாக்கப்பட்டது. பொறியை வாங்கி வைத்தால் அமையாது என்பதையும் அவ்வுடன்படிக்கை உணர்ந்திருந்தது. பொறிகொண்டு கற்பிப்பவர் அதற்குரிய போதனாமுறையிற் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். அவ்வகைப் பொறியைத் தாமே இயக்கிய அனுபவமும் வேண்டும். மதிப்பிடுவோரோ, அனுபவமிக்க மதிப்பீட்டாளர் ஒருவரின் மேற்பார்வையில், அவர் மனநிறைவு கொள்ளும்வரை மதிப்பிட்டுப் பழகியிருத்தல் வேண்டும். இதற்கெனச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 6.10 என்னும் எண்ணுடைய மாதிரிப் பாடநெறி ஒன்றையும் வகுத்துள்ளது.

கடலில் முப்பது ஆண்டு கழித்த தலைவருக்கு மேலும் பயிற்சி எதற்கு என வினவலாம். அறிதல் வேறு, அறிவித்தல் வேறு. நன்னூலார் ஆசிரியராகாதாரைக் கூறுமிடத்துக் கழற்பெய்குடத்தையும் பருத்திக் குண்டிகையையும் உவமித்தார். நிறைந்த அனுபவத்தை முறையின்றிக் கொட்டுவோர் முன்னதை ஒப்பர். அரிதிற் பெற்றதைப் பிறர்க்கு எளிதில் ஈயாதார் பின்னதை ஒப்பர். இருவரும் மாலுமியரிலும் உளர். நம் பள்ளிகளிலும் உளர்.

ஆதலின், பயிற்சிக்கு ஓர் ஒழுங்கு விதிக்கப்பட்டது. முதலில், பயிற்சியின் நோக்கம் மாணவர்க்கு விளக்கப்படும். திட்டமிடவும் பொறியோடு பழகவும் போதிய நேரம் தரப்படும். பின்பு பயிற்சி நிகழும். ஆசிரியர் மாணவர் செயலைக் கண்ணாலும் செவியாலும் தொடர்வார். இறுதியில் யாவரும் கூடி நிகழ்ந்ததை ஆராய்வர். இவ்விறுதிப் பகுதியே பயிற்சிக்கு உயிர் எனலாம். “நீ தவறினாய்” என்று முடிப்பது எளிது. “அவ்வேளை நீ எதைக் கண்டாய்? ஏன் அவ்வாறு திருப்பினாய்?” என்று வினவி, மாணவன் தன் பிழையைத் தானே காணச் செய்வதே அரிது. விபத்தின்மேல் விபத்தாக ஏவி மாணவனைத் திணறடிப்பவர் பொறியின் வல்லமையைக் காட்டுகிறார். பாடத்தைக் காட்டினார் அல்லர்.

மதிப்பிடுதல் இதனினும் கடினம். கற்பிக்கும்போது கைகொடுத்தவர் அப்போது வாளாவிருத்தல் வேண்டும். எவ்வெவற்றைக் கொண்டு அளப்பது என்பது முன்னரே தெளிவாக வரையறுக்கப்படும். மதிப்பிடுவோரின் தனிக்கருத்துக்கு இயன்றளவு இடங்கொடாமை நெறி. பணியைப் பாதுகாப்பாகவும் செம்மையாகவும் செய்தானா என்பதே தலையாய வினா. நன்னூல் நல்லாசிரியர்க்குக் கூறும் உவமைகளுள் நிறைகோலும் ஒன்று. ஐயந்தீரப் பொருளை உணர்த்தலும் நடுநிலை பிறழாமையும் அதன் பண்புகள். அக்கோல் இங்கே கைக்கொள்ளத் தக்கது. இரக்கத்தாற் கோல் சாய்ந்து தகுதியற்றவன் சான்றிதழ் பெறின், அதன் விலையை இருளிலே உறங்கும் பயணிகளும் உடன்மாலுமிகளும் செலுத்த நேரும். சினத்தாற் சாயின், தகுதியுள்ளவன் தன் பிழைப்பை இழப்பான்.

வகுப்பறையில் நிற்கும் நமக்கும் இதிலே கொள்ளத்தக்கது உண்டு. நம் மாணவரின் பிழைகள் கப்பலைக் கவிழ்ப்பதில்லையாதலின், அவற்றைச் சிவப்பு மையாற் சுழித்துவிட்டு அப்பாற் செல்கிறோம். பிழை ஏன் நேர்ந்தது என மாணவனோடு அமர்ந்து ஆராய்பவர் நம்முள் எத்துணைப் பேர்? பிழை செய்ய இடந்தந்து, அப்பிழையையே பாடமாக்கும் கரையிலே கற்றவனுக்குத்தான், கடல் அஞ்சத்தக்கதாயினும் அந்நியமாய் இராது.