கோவையின் 7 மணிச் செய்தி

2014 ஆகஸ்ட் 15, சாயங்காலம் 7 மணி. கோயம்புத்தூர் லோட்டஸ் நியூஸ் சேனல்ல அன்னைக்குச் செய்தி வாசிச்சவங்க பத்மினி பிரகாஷ், ஒரு திருநங்கை.

13 வயசுல வீட்டை விட்டு வந்தவங்க. கல்லூரிப் படிப்பும் பாதியில நின்னுபோச்சு. பரதநாட்டியம் கைகொடுத்தது. அப்புறம் துணைவரோட சேர்ந்து ஒரு பையனைத் தத்தெடுத்து வளர்த்தாங்க.

இதுல எனக்கு முக்கியமாப் படுறது என்னன்னா, நம்ம திரையில திருநங்கைகள் பெரும்பாலும் கேலிக்குத்தான் வந்தாங்க; இல்லன்னா தங்களோட பிரச்சினையைப் பேச வந்தாங்க. பத்மினி வாசிச்சது ஊருக்கே பொதுவான செய்தி. அங்க பார்க்கிறது உச்சரிப்பு, வேகம், தெளிவுதான்.

அதுக்குச் சரியா நாலு மாசம் முன்னாடிதான் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரிச்சு, வேலைவாய்ப்புல இடஒதுக்கீடு தரணும்னு அரசுகளுக்குச் சொன்னது. அரசு வேலை வர்றதுக்குள்ள, ஒரு உள்ளூர் சேனல் நாற்காலியைக் கொடுத்துடுச்சு.