எந்திரமின்றிக் குல்பி

சங்கத்தில் அளந்தது போக வீட்டில் மிஞ்சும் பாலைக் கொண்டு, எந்திரமின்றியே குல்பி செய்யலாம். நாம் முதன்முறை காய்ச்சிய பசும்பாலை அப்படியே உறையவைத்தோம். நறநறக்கும் பனிக்கட்டியே கிடைத்தது. பசும்பாலில் நூற்றுக்குச் சுமார் 87 பங்கு நீரன்றோ!

மறுமுறை 1 லிட்டர் பாலை அடிபிடியாமல் கிளறி, பாதிக்கும் குறைவாகச் சுண்டவைத்தோம். சர்க்கரையும் ஏலப்பொடியும் சேர்த்து, ஆறியபின் தகரக் குவளைகளில் நிரப்பி, உப்புநீர் புகாதவாறு மூடியின் ஓரத்தைப் பிசைந்த மாவினால் அடைத்தோம். நொறுக்கிய பனிக்கட்டி 3 பங்கும் கல்லுப்பு 1 பங்கும் கலந்து, வாளியில் குவளைகளைச் சுற்றி இட்டோம். உப்புப் பட்ட பனிக்கட்டி உருகுங்கால் பாலின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். கலவை பூஜ்யத்திற்குக் கீழே சுமார் 20 டிகிரி சென்டிகிரேடு வரை குளிரக்கூடும். இம்முறை குல்பி வழவழப்பாக இறுகிற்று.

விறகும் பனிக்கட்டியும் காசுக்கே கிடைப்பவை. ஆதலின் சங்கத்துக்குரிய பாலை அங்கத்தினர் இதற்கென நிறுத்துதல் தகாது. மிஞ்சிய பாலுக்கே இது வழியாகும்.