கோடரிக்கும் ஒரு படிப்பு வேண்டும்

ஆவுடையார்கோவில் கொடுங்கையைக் கண்டு வியக்காதவர் உண்டோ! கருங்கல்லை ஓலைபோல் மெலிதாக இழைத்து, மரச்சட்டம், கம்பி, ஆணி அத்தனையும் கல்லிலேயே காட்டி நிற்கும் தாழ்வாரம் அது. அந்நாளில் கோயில் கட்ட ஒப்புக்கொண்ட சிற்பிகள், "ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக" என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார்களாம். வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி இது. தன் கைக்கு எது முடியும், எது முடியாது என்று அறிந்தவன்தான் தொழிலாளி. அதைத் துணிந்து எழுதிக் கொடுத்தவன்தான் கலைஞன்.

அதே ஊரில் இன்று ஒரு மரத்தைக் கழிக்க ஆள் அமர்த்துகிறோம். ஒப்பந்தம் என்ன? "காலையில் வா, பொழுது சாய்வதற்குள் முடி, விறகை எடுத்துக்கொள்." தீர்ந்தது! எந்தக் கிளை, எவ்வளவு, பக்கத்துக் கம்பியில் மின்சாரம் ஓடுகிறதா, ஆள் விழுந்தால் யார் பொறுப்பு — ஒரு வரி உண்டா? இல்லை. கல்லைத் தொடுகிறவனுக்குப் படிப்பு வேண்டும் என்று அறிந்த ஊர், உயிருள்ள மரத்தைத் தொடுகிறவனுக்கு அரிவாள் ஒன்றே போதும் என்று எண்ணுகிறது. இந்த எண்ணம் மரத்தையும் கொல்கிறது, மனிதனையும் கொல்கிறது.

மரத்தை மறக்கக் கூடிய ஊரா இது? திருப்பெருந்துறை என்ற பழம்பெயரோடு குருந்த மரத்தையும் சேர்த்தே சொல்வார்கள். மாணிக்கவாசகர் தம் குருவைக் கண்டது குருந்த மர நிழலில் என்பது பக்தர்கள் கூறும் வரலாறு. நம்புகிறவர் நம்பட்டும். ஒரு மரத்தடி இந்த ஊருக்குப் பெயர் தேடித் தந்தது என்பதை மட்டும் எவரும் மறுக்க முடியாது.

கஜா கற்பித்த பாடம்

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது கஜா புயல். நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. பிள்ளையைப் போல் வளர்த்த மரங்கள் ஒரே இரவில் பிணங்களாயின. வழியை அடைத்துக் கிடந்த மரங்களை அகற்ற ஊர் ஊராக இளைஞர்கள் இறங்கினார்கள். மிஷின் ரம்பம் அன்றுதான் பல கைகளுக்குப் பழக்கமாயிற்று. தலையில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் கைலி! வீரத்தை வணங்குகிறோம், ஆனால் வீரம் தலைக்கவசம் ஆகாது.

புயலில் விழுந்த மரம் செத்த பாம்பு அல்ல. வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளை, வில் நாண்போல் விறைத்திருக்கும். அறுத்த கணத்தில் தெறித்து அடிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தின் அடியை அறுத்தால், பாரம் நீங்கிய வேர்மண் மீண்டும் நிமிர்ந்து பள்ளத்தில் விழும். அங்கே நிற்பவன் கதி என்ன? வேர்ப்பள்ளத்துக்குள் எவரும் இறங்கக் கூடாது, சிறுவர்களை அண்ட விடக் கூடாது என்பது முதல் விதி.

ஆளைக் காக்கும் கருவிகள்

மிஷின் ரம்பத்தின் நுனியில் மேல்பாதி மரத்தில் முட்டினால், ரம்பம் பின்னோக்கித் துள்ளி முகத்துக்கு வரும். ஆகவே இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக் கூடாது. சங்கிலியை நிறுத்தும் பிரேக் வேலை செய்கிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு, சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்தும் காலுறை, கெட்டியான பூட்சு — இவை ஆடம்பரம் அல்ல. மேலே ஏறுகிறவருக்கு முழு உடல் பட்டை வேண்டும். ரம்பம் பிடிக்கும்போது இரண்டு இடத்தில் கட்டு வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றொன்று தாங்கும். கீழே ஓர் ஆள், மேலே நிற்பவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும்.

முழு மரத்தையும் சாய்ப்பதானால், விழ வேண்டிய பக்கத்தில் குறுக்களவில் கால்வாசி ஆழத்துக்கு வாய் வெட்ட வேண்டும். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்து வந்து, குறுக்களவில் பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் விட வேண்டும். அது கதவின் கீல்போல் நின்று மரத்தை வழிநடத்தும். அதையும் அறுத்துவிட்டால், மரம் தன் மனம்போன பக்கம் விழும். மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரத்துக்குள் வேற்றாள் நிற்கலாகாது.

எல்லாவற்றிலும் கொடியது மின்கம்பி. பச்சைக் கிளை ஈரம் நிறைந்தது. மின்சாரம் அதன் வழியே பாயும். உயரழுத்தக் கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, நெருங்கினாலே ஆபத்து. "சும்மா ஒரு கொப்புதானே" என்று அலுமினிய ஏணியைச் சாய்க்காதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்தி, நிறுத்தியதை மின்ஊழியர் வாயால் உறுதி செய்துகொண்ட பிறகே ஏற வேண்டும்.

மரத்துக்குச் செய்யும் வைத்தியம்

பெருங்கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், பாதியில் முறிந்து அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். மூன்று வெட்டு வேண்டும். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்புறமாக முதல் வெட்டு. அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை போன பின் எஞ்சிய கட்டையை எடுக்க மூன்றாவது வெட்டு. கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் கழுத்துப்பட்டைபோல் ஒரு புடைப்பு இருக்கும். அந்தப் புடைப்பைத் தொடாமல், அதை ஒட்டி வெட்ட வேண்டும். காயத்தை மூடும் சக்தி அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து ஆராய்ந்தவர். மரம் நம் தோலைப்போல் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. அழுகலைச் சுற்றி உள்ளேயே சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று 1977இல் எடுத்துக் காட்டினார். தாரும் சாயமும் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை. பொந்தைச் சிமெண்டால் அடைப்பதும் பழங்கால வைத்தியமாகிவிட்டது. ஒரு தடவையில் தழையில் கால்வாசிக்கு மேல் கழிக்காதீர்கள், உச்சியை மொட்டையடிக்காதீர்கள். மொட்டையடித்த மரம் பலவீனமான கொப்புகளை அவசரமாகத் தள்ளும். அடுத்த புயலில் அவைதான் முதலில் முறியும். அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போடுவது, கழுத்தை நெரிப்பதற்கு ஒப்பாகும். வேருக்கு நீரும் காற்றும் வேண்டும்.

தென்னைக்கும் பனைக்கும் சட்டம் வேறு. அவற்றுக்குக் குருத்து ஒன்றே. அது போனால் மரம் போயிற்று. அடிமரத்தில் ஏற்பட்ட காயம் ஒருநாளும் மூடாது. ஆகவே ஏறுவதற்குப் படி வெட்டுவது பெரும் பாவம்! பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் நான்கடி அளவுக்கு மட்டையை விட்டு வெட்டுங்கள். புதுக் காயத்தின் மணம் சிவப்புக் கூன்வண்டை விருந்துக்கு அழைக்கும். மடிந்த தென்னையைத் தோப்பிலேயே மக்க விட்டால், அது காண்டாமிருக வண்டுக்குத் தொட்டிலாகும்.

நல்ல வைத்தியம் வெட்டாமலே விடுவதன்று; உரிய இடத்தில் துணிந்து வெட்டுவது. கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பேராலமரம் 1864, 1867ஆம் ஆண்டுப் புயல்களில் அடிபட்டு, பூசணம் பிடித்துத் தாய்மரம் அழுகியது. 1925இல் தாய்மரத்தையே வெட்டி அகற்றினார்கள். விழுதுகளின்மேல் அந்த ஆலமரம் இன்றும் காடுபோல் வாழ்கிறது!

சட்டம் யார் பக்கம்?

புறம்போக்கு மரமும் சாலை மரமும் ஊரார் சொத்து. அவற்றை வெட்ட அனுமதி தேவை. அதற்கென மாவட்ட ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழுக்கள் 2021இல் அமைக்கப்பட்டன. பனையை வெட்டவும் ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அதே ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. "தலைவர் சொன்னார், வெட்டினேன்" என்று ஒரு தொழிலாளி சொன்னால் காப்பாற்ற வருகிறவர் யார்? அனுமதித் தாளைக் கண்ணால் பார்த்த பிறகே கோடரியைத் தூக்குங்கள்.

விவசாயிகள் அறியாத உரிமை ஒன்றும் உண்டு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68ஆம் பிரிவுப்படி, மின்பாதைக்கு இடைஞ்சலான மரத்தை அகற்ற நிர்வாக நடுவர் ஆணையிடலாம். ஆனால் கம்பி வருவதற்கு முன்பே நின்ற மரமானால், நியாயமான இழப்பீடு தரச் சொல்ல வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. மரம் முந்தியதா, கம்பி முந்தியதா? கேளுங்கள் தோழர்களே, கேட்டுப் பெறுங்கள்!

தொழிலாளிக்கு என்ன இருக்கிறது? விபத்துக்கு இழப்பீடு என்பது இந்நாட்டில் 1923ஆம் ஆண்டிலேயே சட்டமான கருத்து. ஆயினும் விறகையே கூலியாகப் பெறுகிறவனுக்கு முதலாளி யார் என்று எந்தத் தாளில் எழுதியிருக்கிறது? தென்னை ஏறுவோருக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேர சுரக்ஷா' விபத்துக் காப்பீடு உண்டு. 2011 முதல் 'தென்னை மர நண்பர்கள்' பயிற்சியும் வந்தது. நல்லது, வரவேற்கிறோம். புளியிலும் வேம்பிலும் ஏறுகிறவன் மட்டும் விழுந்தால் எலும்பு முறியாதா? பிரிட்டனில் கூலிக்கு மரமேறி ரம்பம் பிடிப்பவர் தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும். இங்கே கைலியை மடித்துக் கட்டுவதே தகுதி!

நாம் கேட்பது பெரிதல்ல. வம்பன் வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ, புதுக்கோட்டை அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்திலோ மரவேலைக்குக் குறுகிய காலப் பயிற்சி, கற்றவருக்குச் சான்று. ஆவுடையார்கோவில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் தலைக்கவசம், உடல்பட்டை, வடக்கயிறு கொண்ட பொதுக் கருவித் தொகுதி, குறைந்த வாடகை. மரம் ஏறும் எல்லோர் பெயரும் உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தின் ஏட்டில் ஏற வேண்டும். எல்லோருக்கும் காப்பீடு வேண்டும். அரசு மர ஏலம் ஒவ்வொன்றிலும் கருவியும் காப்பும் கட்டாய விதியாக வேண்டும். ஆட்சியில் எவர் அமர்ந்தாலும் இந்தக் கோரிக்கை அவர் மேசைமேல் இருக்கும்.

ஐப்பசி மழைக்கு முன் ஆவுடையார்கோவிலைச் சுற்றிலும் மரங்கள் கழிக்கப்படும். இவ்வாண்டு ஆள் அமர்த்தும்போது ஒரு தாளை எடுங்கள். எந்தக் கிளை, எத்தனை பேர், என்ன கருவி, என்ன கூலி, விபத்துக்கு யார் பொறுப்பு — ஐந்து வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். "மின்சாரம் ஓடும் கம்பி நீங்கலாக" என்று ஆறாவது வரியையும் மரமேறும் தோழர் தாமே எழுதட்டும். கொடுங்கை செய்த ஊரில் அதை எழுத அவருக்கு முழு உரிமை உண்டு!