இன்ஷூரன்ஸ் பணத்துக்கு யார் காவல்?

மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலை வழியே போகிறவர்கள் கீழ்புத்துப்பட்டு ஐயனாரை வணங்காமல் போவதில்லை. ஊர் எல்லையைக் காப்பவர் அவர். ஆனால் வடக்கே மரக்காணத்து உப்பளங்களில் குவித்து வைத்த உப்பை மழை கரைத்துவிட்டாலோ, புயல் வரப்பை உடைத்து எஞ்சினைச் சேற்றில் புதைத்துவிட்டாலோ, நஷ்டஈடு கேட்டு ஐயனாரிடம் மனுக் கொடுக்க முடியாதல்லவா? அதற்குத்தான் இன்ஷூரன்ஸ் என்று ஒன்று ஏற்பட்டது.

இந்த வியாபாரத்தில் ஒரு விசேஷம் உண்டு. உப்பு வாங்குகிறவன் பணத்தைக் கொடுத்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறான். இன்ஷூரன்ஸ் வாங்குகிறவனோ பணத்தை முன்னால் கொடுத்துவிட்டு, ஒரு காகிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி பொறுப்பேற்கக் கூடாது என்பது சட்டம். 1968-ஆம் வருஷத்துத் திருத்தத்தில் வந்தது இது. வாங்கியவனுக்குக் கடன் இல்லை. விற்றவனுக்கோ எல்லாமே கடன். பத்து வருஷமோ முப்பது வருஷமோ கழித்துக் கொடுக்க வேண்டிய பணம் இன்று மேஜைமேல் கிடக்கிறது. அதைக் கண்டு சபலப்படாதவர்கள் எத்தனை பேர்?

சபலப்பட்டவர்களின் கதையே நம் நாட்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் கதை. 1912-இல் வந்த ஆயுள் இன்ஷூரன்ஸ் சட்டம், பிரீமிய விகிதங்களைக் கணித நிபுணர் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கம்பெனியின் சொத்தையும் பொறுப்பையும் மதிப்பிட வேண்டும் என்றது. 1938-ஆம் வருஷச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பாலிஸிதாரர் பணத்தில் பாதிக்குக் குறையாமல் சர்க்கார் கடன் பத்திரங்களிலும் அங்கீகரிக்கப்பட்ட பத்திரங்களிலும் போட வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. கணக்குகளை வருஷந்தோறும் அனுப்ப வேண்டும் என்றும் விதித்தது.

விதித்தால் போதுமா? பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சுமார் இரண்டேகால் கோடி ரூபாய் மாயமாயிற்று. கம்பெனியின் தலைவர் ராமகிருஷ்ண டால்மியா, பங்கு மார்க்கெட் சூதாட்டத்தில் ஏற்பட்ட நஷ்டத்தை ஈடுகட்டப் பாலிஸிதாரர் பணத்தை எடுத்துக்கொண்டார் என்று கோர்ட்டில் நிரூபணமாகி, சிறைத் தண்டனையும் கிடைத்தது. இதை 1955 டிசம்பரில் பார்லிமெண்டில் எழுப்பியவர் பெரோஸ் காந்தி. அடுத்த மாதமே, 1956 ஜனவரி 19-ஆம் தேதி, ஓர் அவசரச் சட்டத்தினால் ஆயுள் இன்ஷூரன்ஸ் முழுவதும் சர்க்கார் வசம் வந்தது. இந்தியாவிலும் வெளிநாட்டிலும் பிறந்த 245 கம்பெனிகளும் பிராவிடெண்ட் சங்கங்களும் சேர்ந்து, செப்டம்பர் 1-ஆம் தேதி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் ஆயின. நம் சென்னையில் யுனைடெட் இந்தியா கம்பெனிக்காக எழத் தொடங்கிய பதினான்கு மாடிக் கட்டடம், 1959-இல் திறக்கப்பட்டபோது எல்.ஐ.சி. கட்டடமாக இருந்ததற்கும் காரணம் இதுதான்.

சர்க்காரே வைத்துக்கொண்டால் சபலம் போய்விடும் என்று நினைத்தவர்கள் வெகுநாள் நிம்மதியாயிருக்கவில்லை. 1957 ஜூன் மாதம், ஹரிதாஸ் முந்த்ரா என்பவருடைய ஆறு கம்பெனிப் பங்குகளை கார்ப்பரேஷன் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. இதற்கென்றே இருந்த முதலீட்டுக் கமிட்டியிடம் கேட்கவே இல்லை! மறுபடியும் பெரோஸ் காந்திதான் எழுந்தார். நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்து, ஒரே மாதத்தில் அறிக்கை கொடுத்தார். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜிநாமா செய்தார். கமிட்டியிடம் காகிதம் போயிருந்தால் ஒரு மந்திரி பதவி தப்பியிருக்கும் என்று அந்நாளில் வேடிக்கையாகச் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். வேடிக்கையோ என்னவோ, அந்தக் கமிட்டியும் கையெழுத்தும் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். ஆயுள் இன்ஷூரன்ஸில் எல்லாரும் ஒரே நாளில் இறப்பதில்லை. தீ இன்ஷூரன்ஸிலும் நூறு வீடுகள் ஒரே இரவில் பற்றுவது அபூர்வம். புயல் அப்படியல்ல. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலும், 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையைத் தாக்கியபோது, படகு, குடிசை, கடை, உப்பளம் எல்லாம் ஒரே இரவில் அடிபட்டன. மரக்காணம் தொடங்கிக் கடலூர் வரை ஒரே கம்பெனி பாலிஸிகளை விற்றுக் குவித்திருந்தால் அதன் கதி என்ன?

இங்கேதான் சட்டம் கம்பெனியின் கையைப் பிடிக்கிறது. ஏற்ற பொறுப்பு முழுவதையும் தானே தாங்காமல், ஒரு பங்கை வேறு கம்பெனிகளிடம் தள்ளிவிட வேண்டும். இதற்கு மறு இன்ஷூரன்ஸ் என்று பெயர். எவ்வளவு தள்ளினோம், எவ்வளவு வைத்துக்கொண்டோம் என்ற திட்டத்தை ஹைதராபாத்திலுள்ள ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். 1999-ஆம் வருஷச் சட்டத்தால் ஏற்பட்ட ஆணையம் இது. தவிர, கடன்களெல்லாம் போகக் கையில் மிஞ்சும் சொத்து, விதித்த அளவைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். பொது இன்ஷூரன்ஸில் அந்த அளவு, பிரீமியத்தில் நூற்றுக்கு 20 அல்லது நஷ்டஈட்டில் நூற்றுக்கு 30, எது அதிகமோ அது. பிரீமியத்தை மலிவாக்கி ஆள் பிடித்தால் நஷ்டஈடு ஏறும். நஷ்டஈடு ஏறினால் பெட்டியில் வைக்க வேண்டிய பணமும் ஏறும். ஆகவே ஏஜெண்டு எவ்வளவு ஆசைப்பட்டாலும், தலைமை ஆபீஸ் அவனை இழுத்துப் பிடிக்கத்தான் செய்யும்.

எல்லாம் சரிவர நடக்கிறதா என்றால், அதுவும் இல்லை. சர்க்காருக்குச் சொந்தமான மூன்று பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், அவற்றில் ஒன்று சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா, இந்த ஒன்றரை மடங்குக்கும் கீழே இறங்கின. 2019-20 முதல் மூன்று வருஷங்களில் மத்திய சர்க்கார் அவற்றில் 17,450 கோடி ரூபாய் போட்டது. தனியாருக்கு ஒரு கண், சர்க்காருக்கு இன்னொரு கண் என்று யாராவது குறை சொன்னால், மறுப்பது கடினம். அதே சமயம், 2023 ஜூனில் சஹாரா ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனி தடுமாறியபோது, ஆணையம் அதன் சுமார் இரண்டு லட்சம் பாலிஸிகளையும் எஸ்.பி.ஐ. லைஃப் கம்பெனியிடம் ஒப்படைக்க உத்தரவிட்டது.

ஒன்றரை மடங்கு என்ற அந்தக் கணக்கை ஒவ்வொரு கம்பெனியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடுகிறது. வெகு சிலரே பார்க்கிறார்கள். ஐப்பசியில் வானம் கறுக்கும் முன்பாகவே உப்புக் குவியலைக் கீற்றுப் போட்டு மூடிவிடும் உப்பளத்துக்காரர், பாலிஸி கொண்டு வரும் ஏஜெண்டிடம் “அந்தக் கணக்கு இப்போ எவ்வளவு இருக்குதுங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம்.