யன்னல் திரைக்கு ஒரு மோட்டர்: வன்னி வெயிலில் அது யாருக்குத் தேவை?

கிளிநொச்சி மாவட்டத்தில், இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டப்பட்ட ஒரு வீடு. மேற்குப் பார்த்த அறையில் ஒரு கட்டில். 2009 இல் எறிகணைச் சிதறல் முள்ளந்தண்டில் பட்டு, நெஞ்சுக்குக் கீழே உணர்விழந்தவர் அதில் படுத்திருக்கிறார். பிற்பகல் மூன்று மணிக்கு வெயில் கட்டிலில் ஏறும். திரையை இழுத்துவிட அவர் தாயைக் கூப்பிட வேண்டும். தாய் கிணற்றடியில் நின்றால் காத்திருக்க வேண்டும்.

"ஒரு சீலையை இழுத்துவிட வயசுபோன மனுசியை ஒருநாளைக்கு எத்தனை தரம் கூப்பிடுறது எண்டு யோசிச்சுப் பாருங்கோ" என்றார் அவர்.

மோட்டரில் இயங்கும் யன்னல் திரை என்றதும் கொழும்பு அடுக்குமாடி வீடுகள்தான் நினைவுக்கு வரும். நானும் அதை ஆடம்பரம் என்றே நினைத்திருந்தேன். ஆனால் முள்ளந்தண்டு வடம் நெஞ்சுப் பகுதியிலோ கழுத்திலோ பாதிக்கப்பட்டவர்களுக்கு, காயத்துக்குக் கீழே உடல் சரிவர வியர்ப்பதில்லை. வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் உடல் சூடேறிவிடும். எங்களுக்கு வெறும் புழுக்கமாக இருப்பது அவர்களுக்கு ஆபத்து.

இவருக்குக் கனடாவிலுள்ள சகோதரர் அனுப்பிய முதல் திரை, சுவரிலுள்ள மின்சாரத்தில் நேரடியாக இயங்குவது. மின்சாரம் நின்றால் அது நின்ற இடத்திலேயே நிற்கும். குழாய்க்குள் இருக்கும் மோட்டர் தானாகவே இறுகிக்கொள்வதால் பெரும்பாலானவற்றைக் கையால் இழுக்கவும் முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கைக் காரணம் காட்டினார்கள். குரங்கை நம்பி யன்னலைப் பூட்ட முடியாது.

ஆகவே எங்கள் ஊருக்குப் பொருத்தமானது மீள்சார்ஜ் செய்யும் பற்றரி உள்ள மோட்டர். கைத்தொலைபேசிச் சார்ஜரிலேயே ஏற்றலாம். ஒருமுறை ஏற்றினால் பயன்பாட்டைப் பொறுத்து சில மாதங்கள் ஓடும். பற்றரி இறங்கினாலும் கையால் இழுக்கக்கூடிய வகையா என்று வாங்குமுன் கேளுங்கள். வைஃபையில் மட்டும் இயங்குவதைத் தவிர்த்து, வானொலி அலையில் இயங்கும் சாதாரண றிமோட் உள்ளதை எடுங்கள். அதற்கு இணையமும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து அனுப்புவோர் யன்னலின் அளவை உறவினரிடம் கேட்டு, மேலும் நடுவிலும் கீழும் அளந்து, மூன்றில் சிறியதை எடுக்க வேண்டும். கையால் கட்டிய சட்டங்கள் எல்லா இடமும் ஒரே அகலமாக இருப்பதில்லை.

ஆனால் ஒரு விடயத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார். உள்ளே தொங்கும் திரை கண்கூச்சத்தைத் தடுக்கும். வெப்பத்தை ஓரளவுதான் தடுக்கும். கண்ணாடியைத் தாண்டிய வெயில் ஏற்கனவே அறைக்குள் வந்துவிட்டது. மேற்குச் சுவரில் மாலை வெயில் தாழ்வாக விழுவதால், கூரையின் சிறிய நீட்டமும் உதவாது. காசு ஒன்றுக்குத்தான் போதுமென்றால் முதலில் வெளியே செய்யுங்கள்: கிடுகுத் தட்டி, ஒரு பாகல் பந்தல், அல்லது யன்னலுக்கு வெளியே ஓர் இறக்கம். மீள்குடியேறிய நாட்களில் தறப்பாளுக்குள் இருந்தவர்களுக்கு, பகலில் தறப்பாளையும் கிடுகையும் ஒப்பிட்டுச் சொல்லத் தேவையில்லை.

திரையை வைத்திருப்பதும் ஒரு வேலைதான். கிரவல் வீதித் தூசி துணியில் படியும். ஈரத்துணியால் துடைக்கக்கூடிய துணியே நல்லது. மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். மாதக்கணக்கில் உருளாமல் விட்ட சுருளுக்குள் குளவி கூடு கட்டிவிடும். மர வகைகளைக் கறையான் பார்த்துக்கொள்ளும். இரவில் முழுவதும் மூடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டால் காற்று வரும்.

இப்போது அந்த வீட்டில் இருப்பது பற்றரித் திரை. யன்னலுக்கு வெளியே தாய் பாகல் படரவிட்டிருக்கிறார். றிமோட் படுக்கைக்குள் அடிக்கடி தொலைந்துபோனதால், சப்பாத்து நூலால் கட்டில் சட்டத்தில் கட்டியிருக்கிறார்கள். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் அவர் அதை மூன்று தடவை அழுத்தினார். மூன்றாவது தடவை வெயிலுக்காக அல்ல, வீதியால் போனது யார் என்று பார்க்க.