மத்தளமும் மிருதங்கமும்

ஓசையை ஒழுங்குபடுத்துவது தாளம். மருதனார்மடத்தில் 1960இல் தோன்றிய இராமநாதன் சங்கீத அகடமி, 1975இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது. இன்று அங்கு மிருதங்கம் பட்டப்படிப்பிற்குரிய பாடமாக விளங்குகின்றது.

அதனைப் பயிலச் செல்லும் வன்னி மாணவர் வெறுங்கையினர் அல்லர். முல்லைத்தீவிற் கோவலன் கூத்தின் மத்தள ஒலியை இளமையிலேயே கேட்டு வளர்ந்தோர் அவருட் பலர். கூத்து அண்ணாவியாரின் தாளக்கட்டும் பல்கலைக்கழக ஆசானின் சொற்கட்டும் முதலில் வாயாற் சொல்லி, பின்னர்க் கையால் வாசிக்கப்படுவன.

அவ்வாறாயின் வேறுபாடு யாது? பல்கலைக்கழகக் கல்வி, திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9 எனச் சாதிகளை வகுத்து, ஏழு தாளங்களோடு பெருக்கி 35 தாளங்களைக் கணக்கிட்டுக் காட்டும். அவற்றை எழுத்திற் பதிக்கவும் பயிற்றும். கூத்தின் தாளக்கட்டுகளோ பெரும்பாலும் அண்ணாவியாரின் நினைவில் வாழ்வன. அவர் மறையின், எழுதப்படாதவை அவரோடு மறையும்.

ஆதலின், பட்டம் பெற்று ஊர் மீளும் மாணவர் கச்சேரி மேடையை நாடுமுன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அண்ணாவியாரின் அருகமர்ந்து, அவர் சொல்லுந் தாளக்கட்டைப் பிழையற எழுதிக்கொள்ளலே அது. கற்ற கல்வி பிறந்த மண்ணுக்குப் பயன்படும் வழியும் அதுவேயாம்.